அடர்த்தியான எலும்பு ஏன் முறிகிறது?

பாப்பாரப்பட்டி என்றதும் சுப்பிரமணிய சிவா நினைவுக்கு வருவார். பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்ற கனவோடு இங்கே வந்து தங்கியவர், 1925 ஜூலை 23 அன்று இந்த ஊரிலேயே கண்மூடினார். தண்ணீரைப் பற்றி ஆராய்பவர்களுக்கோ பாப்பாரப்பட்டி இருக்கும் தருமபுரி மாவட்டம் வேறொரு காரணத்தால் பழக்கம். தமிழ்நாட்டில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த மாவட்டங்களைப் பட்டியலிட்டால் முதலில் எழுதப்படும் பெயர்களில் அது ஒன்று. பழுப்பு வரி விழுந்த பற்களும், குனிய மறுக்கும் முதுகும் இங்கே பல குடும்பங்களுக்குத் தலைமுறைக் கதை. இந்த நோய்க்கு புளோரோசிஸ் என்று பெயர்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை, சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை என்று மருத்துவரிடம் போகும் ஒரு பெரியவருக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புளோரோசிஸ் முற்றியிருந்தால், படத்தில் அவருடைய முதுகெலும்பு வெள்ளை வெளேரென்று தெரியும். எக்ஸ்ரேயில் வெளுப்பு என்றால் அடர்த்தி என்று பொருள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தால், அவர் வயதுக்காரர்களின் சராசரியைவிட எண் கூடுதலாகவே வரக்கூடும். எண்ணை மட்டும் பார்த்தால், "எலும்பு நல்லா கெட்டியா இருக்கே" என்று சொல்லத் தோன்றும்.

அந்தக் கெட்டியான எலும்புதான் வலிக்கிறது. சில வேளை சாதாரணச் சறுக்கலுக்கே முறிந்தும் போகிறது. அடர்த்தி கூடினால் உறுதியும் கூட வேண்டுமல்லவா? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் எலும்பை வெட்டி எடுக்காமல், அது எவ்வளவு வளையும், எவ்வளவு தாங்கும் என்று அளக்க முடியுமா என்ற இன்னொரு கேள்விக்கு வந்து சேர்வோம். அறிவியலாளர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதற்கு வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பாறையிலிருந்து எலும்புக்கு

தருமபுரியின் அடியில் இருப்பது மிகப் பழைய கடினப் பாறை. இத்தகைய பாறைகளில் உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களில் புளோரின் கலந்திருக்கிறது. மழை குறைவான, வெயில் கடுமையான பகுதியில், பாறை இடுக்குகளில் நீண்ட காலம் தேங்கும் நீர் இந்தக் கனிமங்களை மெல்லக் கரைக்கிறது. நீரில் காரத்தன்மை மிகுந்து, கால்சியம் குறைந்திருந்தால் இன்னும் அதிகமாகக் கரையும். போர்வெல்லை ஆழமாக இறக்க இறக்க, பாறையோடு நெடுநாள் உறவாடிய நீர் மேலே வருகிறது.

குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி. வேறு நீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். குடித்த புளோரைடில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். மீதி எலும்புக்கும் பல்லுக்கும் போகிறது. உடலில் தங்கும் புளோரைடில் 99 விழுக்காடு இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. போனது எளிதில் திரும்புவதில்லை.

நம் நாட்டில் இந்த நோயை மருத்துவ உலகம் முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தது 1937-இல். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநராக இருந்த ஷார்ட்டும் அவருடைய குழுவினரும், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், முதுகு விறைத்துக் கூனிப்போன விவசாயிகளைப் பரிசோதித்து, காரணம் கிணற்று நீரில் இருக்கும் புளோரைடு என்று எழுதினார்கள். அந்தப் பதிவுகளில் சொல்லப்பட்ட விறைப்பும் வெளுத்த முதுகெலும்பும்தான் பின்னர் தருமபுரியிலும் காணப்பட்டன.

எலும்பு எதனால் ஆனது?

ஒரு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் சில நாட்கள் ஊறப்போடுங்கள். அமிலம் அதிலுள்ள சுண்ணாம்புத் தாதுக்களைக் கரைத்துவிடும். உருவம் அப்படியே இருக்கும். ஆனால் விரலால் வளைத்தால் வளையும். இன்னொரு எலும்பை அடுப்பு நெருப்பில் நன்றாகச் சுட்டெடுங்கள். இப்போது உள்ளிருந்த புரத நார்கள் எரிந்து தாது மட்டும் மிஞ்சும். அதுவும் உருவம் மாறாமல் இருக்கும். விரலால் அழுத்தினால் பொடிந்துவிடும்.

எலும்பு இந்த இரண்டின் கூட்டு. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ஹைட்ராக்சி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் படிகங்கள். மீதியில் பெரும்பங்கு கொலாஜன் என்ற புரத நார், கொஞ்சம் நீர். படிகம் விறைப்பைத் தருகிறது. நார் முறியாமல் வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று சரியாகப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் எலும்பு எலும்பாக இருக்கும்.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் பாடத்தில் வரும் சில சொற்கள் இங்கே உதவும். ஒரு பொருளின் மீது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு விசை விழுகிறது என்பது தகைவு. அதனால் அந்தப் பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது அல்லது குறுகுகிறது என்பது திரிபு. விசையை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பினால் அது மீட்சிப் பண்பு. குறிப்பிட்ட திரிபை உண்டாக்க எவ்வளவு தகைவு தேவை என்று சொல்லும் எண் யங் குணகம். எண் பெரிதானால் பொருள் விறைப்பானது. நம் தொடை எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிக்கு இந்த எண், எஃகின் எண்ணில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

இங்கே மூன்று பண்புகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விறைப்பு என்பது வளைய எவ்வளவு மறுக்கிறது என்பது. வலிமை என்பது எந்த விசையில் முறியும் என்பது. முறிவுதாங்கும் திறன் என்பது ஒரு விரிசல் விழுந்த பிறகு, அது பரவாமல் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கிக்கொள்கிறது என்பது. கண்ணாடி விறைப்பானதுதான். ஆனால் ஒரு சிறு கீறல் போதும், இரண்டாகிவிடும். நாம் விழும்போது எலும்பைக் காப்பாற்ற வேண்டியது மூன்றாவது பண்புதான்; அதற்குத்தான் கொலாஜன் நார் வேண்டும்.

புளோரைடு என்ன செய்கிறது? படிகத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் அயனியைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஹைட்ராக்சி அபடைட் மெல்ல புளோரோ அபடைட்டாக மாறுகிறது. புதிய படிகம் எளிதில் கரையாது. அதன் அளவும் வடிவமும் மாறுவதால், படிகத்துக்கும் நாருக்கும் இடையிலான பிடிப்பு தளர்கிறது. கூடவே, எலும்பைக் கட்டும் செல்களைப் புளோரைடு தூண்டிவிடுகிறது. அவை அவசர அவசரமாகப் புது எலும்பைக் கட்டுகின்றன. அதில் நார்கள் ஒழுங்கான அடுக்காக இல்லாமல் தாறுமாறாகப் பின்னிக்கிடக்கின்றன. சில இடங்களில் தாது முழுமையாகப் படிவதும் இல்லை. ஆக, எலும்பு கூடுகிறது, தரம் குறைகிறது.

அடர்த்தி ஏமாற்றும் என்று தெரிந்தது எப்படி?

பொதுவாக எலும்பின் நலத்துக்கு மருத்துவமனைகளில் எடுப்பது டெக்ஸா ஸ்கேன். இரண்டு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்கதிர்களை உடலின் வழியே செலுத்துவார்கள். சதை இரண்டையும் ஒரு விதமாக உறிஞ்சும். எலும்பு வேறு விதமாக உறிஞ்சும். இந்த வேறுபாட்டிலிருந்து, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் எத்தனை கிராம் தாது இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு அதை ஒரு மதிப்பெண்ணாகத் தருவார்கள். அது –2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்பது 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வயதான பெண்களின் எலும்புத் தேய்மானத்தைக் கண்டுபிடிக்க இது அருமையான கருவி. அதில் ஐயமே இல்லை. ஆனால் அது எண்ணுவது தாதுவை மட்டும். நாரை அது பார்ப்பதில்லை. தாதுவும் நாரும் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் பார்ப்பதில்லை.

இதை உலகுக்கு உணர்த்திய சோதனை 1990-இல் வெளிவந்தது. புளோரைடு எலும்பைக் கட்டுகிறது என்பது தெரிந்திருந்ததால், அதையே எலும்புப்புரைக்கு மருந்தாகக் கொடுக்கலாமே என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரிக்ஸும் அவருடைய குழுவினரும், மாதவிடாய் நின்ற, எலும்புப்புரை உள்ள 202 பெண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் சோடியம் புளோரைடு. மற்றதற்கு மருந்தில்லாத போலி மாத்திரை. இரு குழுவுக்கும் கால்சியம் உண்டு. நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள்.

புளோரைடு எடுத்தவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு உயர்ந்தது. டெக்ஸா போன்ற கருவிகளின் கண்ணில் அது பெரிய வெற்றி. ஆனால் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. முதுகெலும்பு தவிர்த்த மற்ற எலும்புகளின் முறிவுகளோ, போலி மாத்திரைக் குழுவில் 24, புளோரைடு குழுவில் 72. மூன்று மடங்கு! அடர்த்தி வேறு, உறுதி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. முதுகெலும்பின் அடர்த்தி அவ்வளவு ஏறியபோது, முன்கையின் ரேடியஸ் எலும்புத் தண்டில் அடர்த்தி 4 விழுக்காடு குறைந்தது. உள்ளே பஞ்சுபோன்ற அறைகள் கொண்ட முதுகெலும்பு கெட்டிப்பட, குழாய் போன்ற நீள எலும்புகள் இளைக்கின்றன. இதே காட்சியை 17 ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் பார்த்திருந்தார்கள். 1973-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும், புளோரைடு மிகுந்த கிராமங்களில் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டும்படி கால் வளைந்துபோன இளைஞர்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களுடைய முதுகெலும்பு கெட்டிப்பட்டிருந்தது. கை கால் எலும்புகள் தேய்ந்திருந்தன. மருந்தாகக் கொடுத்தபோதும், கிணற்று நீரில் வந்தபோதும் புளோரைடு ஒரே வேலையைத்தான் செய்தது.

2001-இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. குடிநீரில் வெவ்வேறு அளவு புளோரைடு உள்ள ஆறு ஊர்ப்பகுதிகளில் 8,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தார்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இருந்த இடத்தில் எலும்பு முறிவு மிகக் குறைவு. 4.3 மில்லிகிராமுக்கு மேலே போன இடத்தில் முறிவு அதிகம்.

பானையைத் தட்டிப் பார்ப்பது போல

சந்தையில் பானை வாங்கப் போனால், நாம் அதைத் தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறது என்பதற்காக வாங்குவதில்லை. விரல் மடக்கித் தட்டுவோம். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்த பானை. பொத்தென்று ஒலித்தால் வேகாதது, அல்லது கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளது. எடையிலும் உருவத்திலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். டெக்ஸா எலும்பின் எடையைப் பார்க்கிறது. தட்டிப் பார்க்கும் வழி உண்டா?

உண்டு, அது பழைய வழியும்கூட. 1932-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் லிப்மன், எலும்பு முறிவைக் கண்டறிய ஒலியைப் பயன்படுத்தும் முறையை எழுதினார். இடுப்பு எலும்பு முறிந்ததா என்று சந்தேகம் வந்தால், ஸ்டெதஸ்கோப்பை அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும் எலும்பின் மீது வைத்து, ஒவ்வொரு முழங்கால் சில்லாகத் தட்டுவார்கள். எலும்பு முழுமையாக இருக்கும் பக்கம் ஒலி தெளிவாக வரும். முறிந்த பக்கம் மங்கிப்போகும். எக்ஸ்ரே கிடைக்காத இடத்தில் இன்றும் இது உதவும்.

ஆனால் அது முறிந்துவிட்டதா என்று மட்டும் சொல்லும். முறியாத எலும்பின் மீட்சிப் பண்பை எண்ணாகச் சொல்ல இன்னும் நுட்பம் தேவை. 1970-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜான் ஜூரிஸ்ட் அதைச் செய்து காட்டினார். முன்கையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. அதன் ஒரு முனை முழங்கையில் தோலுக்கு அடியிலேயே துருத்திக்கொண்டு நிற்கும். உங்கள் முழங்கையைத் தடவிப் பார்த்தால் தட்டுப்படுவது அதுதான். ஜூரிஸ்ட் அல்னாவின் ஒரு முனையில் ஒரு சிறு அதிர்வியை வைத்து எலும்பை அதிரவைத்தார். மறுமுனையில் ஓர் உணரியால் அதிர்வைப் பிடித்தார். அதிர்வெண்ணை மெல்ல உயர்த்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் எலும்பு திடீரென்று அதிகமாக அதிரும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். விறைப்பான எலும்பு உயர்ந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரும். தளர்ந்த எலும்பு தாழ்ந்த அதிர்வெண்ணில். எலும்பின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

கேட்க எளிமையாக இருக்கிறது. செய்யும்போது சிக்கல்கள் வந்தன. கையை வைத்திருக்கும் நிலை மாறினால் எண் மாறியது. தசையை இறுக்கினால் மாறியது. எலும்புக்கு மேலே இருக்கும் தோலும் சதையும் அதிர்வில் தங்கள் பங்கைச் சேர்த்தன. பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்டீலும் நாசாவின் ஆய்வாளர்களும், தோலின் பங்கையும் எலும்பின் பங்கையும் கணித முறையில் பிரித்தெடுக்கும் கருவி ஒன்றை உருவாக்கினார்கள். நாசாவுக்கு அதில் அக்கறை வரக் காரணம் உண்டு. எடையற்ற நிலையில் விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 விழுக்காட்டுக்கும் மேல் அடர்த்தியை இழக்கிறது. திரும்பி வந்தவரின் எலும்பு உண்மையில் எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டுமல்லவா?

எலும்புக்குள் ஓடும் ஒலி

தட்டுவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. நாம் கேட்க முடியாத உயர்ந்த ஒலியை எலும்பின் வழியே அனுப்பி, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது. வயிற்று ஸ்கேனில் பயன்படும் அதே மீயொலிதான்.

ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். நீரில் 1,500 மீட்டர். எலும்பின் கெட்டியான வெளிப்பகுதியில் ஏறத்தாழ 4,000 மீட்டர். இந்த வேகத்தை இரண்டு பண்புகள் தீர்மானிக்கின்றன. விறைப்பு கூடினால் ஒலி விரையும். அடர்த்தி மட்டும் கூடினால் ஒலி மந்தமாகும், ஏனென்றால் அதே விசையில் அதிகப் பொருளை அசைக்க வேண்டியிருக்கிறது. நல்ல எலும்பில் அடர்த்தி கூடும்போது விறைப்பு அதைவிட வேகமாகக் கூடும். அதனால் ஒலியும் விரையும். அடர்த்தி கூடியும் விறைப்பு அதற்கேற்பக் கூடவில்லை என்றால் ஒலி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். டெக்ஸாவால் சொல்ல முடியாத சேதி இது.

1984-இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் லாங்டனும் சகாக்களும் குதிகால் எலும்பின் வழியே மீயொலியை அனுப்பி, ஒவ்வொரு அதிர்வெண்ணும் எவ்வளவு வலுவிழக்கிறது என்று அளந்தார்கள். குதிகாலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. அது உடலின் எடையைத் தாங்கும் எலும்பு. அதன் இரு பக்கமும் தோல் மெல்லியது. பக்கங்கள் ஏறத்தாழ இணையானவை. உள்ளே பெரும்பாலும் பஞ்சுபோன்ற எலும்பு. எலும்புப்புரை முதலில் தாக்குவது அந்த வகையைத்தான். கருவியில் காலை வைத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எக்ஸ்கதிர் இல்லை. தூக்கிக்கொண்டு கிராமத்துக்கே போகலாம்.

இது உண்மையில் பயன்படுமா என்று சோதித்த பெரிய ஆய்வு பிரான்சில் நடந்தது; 1996-இல் வெளியானது. 5,600-க்கும் மேற்பட்ட மூதாட்டிகள், சராசரி வயது 80. குதிகால் மீயொலியில் மதிப்பு குறைவாக இருந்தவர்களுக்கே பின்னர் இடுப்பெலும்பு அதிகமாக முறிந்தது. யாருக்கு முறியும் என்று முன்கூட்டிச் சொல்வதில் அது டெக்ஸாவுக்கு ஈடாக நின்றது.

முள் குத்திப் பார்ப்பது

அதிர்வும் ஒலியும் விறைப்பைச் சொல்லும். முறிவுதாங்கும் திறனைச் சொல்ல, எலும்பையே மிகச் சிறிய அளவில் சேதப்படுத்திப் பார்க்க வேண்டும். கேட்டால் பயமாகத்தான் இருக்கும்; ஆனால் செய்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் பால் ஹான்ஸ்மா உருவாக்கிய கருவியை, பார்சிலோனாவின் டியெஸ்-பெரெஸ் போன்ற மருத்துவர்கள் 2010-இல் உயிரோடிருக்கும் மனிதர்களிடம் பயன்படுத்திக் காட்டினார்கள். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே, முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே இருக்கும் டிபியா எலும்புக்கு மேல், மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். பின்னர் ஒரு நுண்ணிய முள்ளைத் தோல் வழியே எலும்பில் தொட வைத்து, அளந்த விசையால் குத்துவார்கள். முள் எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பது மில்லிமீட்டரின் சிறு பின்னம். நல்ல எலும்பில் குறைவாக இறங்கும். மோசமான எலும்பில் அதிகமாக. அதே முள்ளை ஒரு பிளாஸ்டிக் கட்டையில் குத்தி, ஒப்பிட்டு மதிப்பெண் தருவார்கள்.

2014-இல் மேயோ கிளினிக்கில் சர்க்கரை நோய் உள்ள பெண்களிடம் இதைச் செய்தபோது, நம் ஊருக்கும் பொருந்தும் முடிவு ஒன்று கிடைத்தது. அவர்களுடைய எலும்பின் அடர்த்தி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முள் சோதனையில் எலும்பின் தரம் சர்க்கரை இல்லாதவர்களைவிடக் குறைவு. சர்க்கரை நோயாளிகளுக்கு எலும்பு ஏன் எதிர்பார்த்ததைவிட அதிகமாக முறிகிறது என்ற நெடுநாள் கேள்விக்கு அது ஒரு விடை தந்தது. புளோரோசிஸில் நாம் பார்க்கும் அதே பிரிவினைதான் அங்கேயும்: அடர்த்தி ஒரு பக்கம், தரம் மறுபக்கம்.

தருமபுரி எலும்பில் எந்தக் கருவி?

ஒவ்வொரு கருவியும் வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறது. அதனால் புளோரோசிஸ் உள்ளவரிடம் அவற்றைப் பயன்படுத்தும்போது எச்சரிக்கை தேவை. புளோரைடு மிகுந்தவர்களுக்கு முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்களிலும் சுண்ணாம்பு படியும். டெக்ஸா மேலிருந்து பார்த்து எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுவதால், அந்தப் படிவும் எலும்பின் கணக்கில் வரவாகிவிடும். முன்கையில் அல்னாவுக்கும் ரேடியஸுக்கும் இடையே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. புளோரோசிஸில் அந்தச் சவ்வே எலும்பாக மாறுவது, எக்ஸ்ரேயில் நோயை உறுதிசெய்யும் முக்கிய அடையாளம். அப்படி இரண்டு எலும்பும் ஒட்டிப்போன கையை அதிரவைத்தால், கிடைப்பது அல்னாவின் விறைப்பாக இருக்காது. இரண்டும் சேர்ந்த ஒன்றின் விறைப்பாகத்தான் இருக்கும். ஆகவே ஒரே ஓர் எண்ணை நம்பி முடிவுக்கு வருவது இங்கே ஆபத்து. அடர்த்தி, ஒலியின் வேகம், எக்ஸ்ரே படம், குடித்த நீரின் வரலாறு ஆகிய நான்கையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும்.

இந்த நான்கில் கருவியே தேவைப்படாதது கடைசியில் சொன்னது. எளிய உடற்சோதனைகளும் உண்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் நாணயத்தை எடுக்க முடிகிறதா? தாடையை மார்பில் தொட முடிகிறதா? கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொள்ள முடிகிறதா? புளோரைடு மிகுந்த ஊர்களில் கணக்கெடுக்கப் போகும் மருத்துவப் பணியாளர்கள் கேட்கும் கேள்விகள் இவை. இவற்றில் சிரமம் வந்தால் அது வெறும் வயதின் கோளாறாக இல்லாமல் இருக்கலாம்.

வருமுன் காப்பது

எலும்பில் ஊறிவிட்ட புளோரைடை வேகமாக வெளியேற்றும் மருந்து இன்றுவரை இல்லை. அதனால் தண்ணீரை மாற்றுவதுதான் முதல் மருந்து. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானின் கடனுதவியோடு, ஏறத்தாழ 1,900 கோடி ரூபாயில் முடிந்து, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே ஒரு நோயின் பெயர் இருப்பது, இந்த மண்ணின் துன்பத்தை அரசு ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். ஆற்று நீர் பாறைக்குள் ஆண்டுக்கணக்கில் தேங்குவதில்லை. அதில் புளோரைடு குறைவு. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் மீண்டும் போர்வெல்லுக்குப் போனால், எலும்பு அந்த நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

பாப்பாரப்பட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழ்பவர்களுக்குச் சில வார்த்தைகள். குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுக் குடிநீரையே பயன்படுத்துங்கள். போர்வெல் நீர் துணி துவைக்கவும் தோட்டத்துக்கும் இருக்கட்டும். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் ஆவியாகும்போது புளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். உங்கள் போர்வெல் நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, புளோரைடு அளவை ஒருமுறையாவது தெரிந்துகொள்ளுங்கள். கால்சியம் குறைவாகச் சாப்பிடுபவர்களைப் புளோரைடு கடுமையாகத் தாக்கும். பிள்ளைகளுக்குக் கேழ்வரகும் பாலும் கீரையும் நெல்லிக்காயும் தவறாமல் கொடுங்கள். நம் ஊரில் கேழ்வரகுக்குப் பஞ்சமில்லை.

எலும்பு வலிக்காக மருத்துவரிடம் போகும்போது, எந்த ஊரில், எத்தனை ஆண்டு, எந்தக் கிணற்று நீரைக் குடித்தீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஸ்கேனில் அடர்த்தி நன்றாக இருக்கிறது என்று வந்தால், அதோடு கிளம்பி வந்துவிடாமல், "டாக்டர், என் எலும்போட தரம் எப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். புளோரைடு மண்ணில் வளர்ந்த நமக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இருக்கிறது.